பிற்படுத்தப்பட்ட சாதி ஆதிக்கச் சாதியாகவும் இருக்க முடியுமா?

கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருப்பதன் சாரம் இது. அவருடைய சமூகம் தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. தந்தைக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவர்தான். கல்லூரியில் நடந்த ஒரு விவாதத்தில் அவரை ‘ஆதிக்கச் சாதிக்காரர்’ என்று ஒருவர் குறிப்பிட்டிருக்கிறார். அரசாங்கமே பின்தங்கியவர் என்று சான்றிதழ் கொடுத்திருக்கும்போது ஆதிக்கம் எங்கிருந்து வந்தது, இரண்டில் ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பிற்பட்ட நிலையும் ஆதிக்கமும் ஒரே சாதிக்கு ஒரே காலத்தில் பொருந்துமா என்பது முதலாவது. ஒரு சாதி ஆதிக்கம் உடையது என்றால் அதில் பிறந்த ஏழையும் ஆதிக்கம் செய்பவர்தானா என்பது இரண்டாவது. இதையெல்லாம் யார், எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்பது மூன்றாவது. நீண்ட காலம் சமூகவியல் கற்பித்தவன் என்ற முறையில், முதல் கேள்விக்கு என்னால் உறுதியாகவே பதில் சொல்ல முடியும்: பொருந்தும். மற்ற இரண்டும் இத்துறைக்குள்ளேயே இன்னும் தீராத வழக்குகள்.

முதலில் கருத்தின் பிறப்பிடத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘ஆதிக்கச் சாதி’ என்பது இன்று மேடைப் பேச்சிலும் செய்தித்தாளிலும் ஒரு வசைச் சொல்லைப் போலப் புழங்குகிறது. ஆனால் அது கள ஆய்வுக் குறிப்பேட்டில் பிறந்த ஒரு கலைச்சொல். மைசூரில் பிறந்து, பம்பாயிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்ற சமூகவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ் 1948இல் பழைய மைசூர் சமஸ்தானத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ராம்புரா என்பது அவர் அந்த ஊருக்கு இட்ட புனைபெயர். அங்கே ஊர்த் தலைமையும், பெரும்பகுதி நிலமும், மற்ற சாதியாரின் வழக்குகளைக்கூடத் தீர்த்துவைக்கும் செல்வாக்கும் ஒக்கலிகர் என்னும் உழவர் சாதியின் சில குடும்பங்களிடம் இருந்தன. ஊர் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதி அவர்கள்தாம். பிராமணர்கள் மிகச் சிலர்; சடங்கு வரிசையில் அவர்களுக்கு முதலிடம் உண்டு, ஊரை நடத்துவதில் இல்லை. நால்வருணக் கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போகிறவருக்கு அங்கே யார் சொல் எடுபடும் என்பது விளங்காது. இந்த இடைவெளியை விளக்கவே 1955இல் வெளியான கட்டுரையில் ஸ்ரீநிவாஸ் ‘ஆதிக்கச் சாதி’ என்ற கருத்தை வரையறுத்தார். எண்ணிக்கையில் மிகுந்தும், பொருளாதார, அரசியல் வலிமையில் ஓங்கியும், உள்ளூர்ச் சாதி வரிசையில் மிகத் தாழ்ந்த இடத்தில் இல்லாமலும் இருக்கும் சாதி ஆதிக்கச் சாதி ஆகிறது என்பது அதன் பொழிப்பு. ‘ஓட்டு வங்கி’ என்று இன்று எல்லோரும் சொல்லும் தொடரும் அதே கட்டுரையில் அவர் ஆண்டதுதான் என்பதை இங்கே குறிப்பிட்டுச் செல்லலாம்.

1959இல் அவர் மீண்டும் இதே பொருளைப் பற்றி எழுதியபோது மேற்கத்தியக் கல்வியையும் அரசு வேலைகளையும் ஆதிக்கத்தின் கூறுகளாகச் சேர்த்துக்கொண்டார். எல்லாக் கூறுகளும் ஒரே சாதியிடம் குவிந்திருப்பது அரிது, பெரும்பாலும் அவை வெவ்வேறு சாதிகளிடையே பிரிந்தே கிடக்கின்றன என்றும் சொன்னார். அந்தக் கட்டுரையில் நான் மாணவர்களுக்கு எப்போதும் சுட்டிக்காட்டும் ஒரு பகுதி உண்டு. எண்ணிக்கை ஏன் முக்கியம் என்று கேட்டால், பலரும் தேர்தலை நினைத்துக்கொண்டு வாக்குகள் என்று பதில் சொல்வார்கள். ஸ்ரீநிவாஸ் சொன்ன காரணம் இன்னும் பச்சையானது: ஒரு சண்டை என்றால் எத்தனை திடமான ஆண்களைத் திரட்டி நிறுத்த முடியும், முரட்டுத்தனத்தில் அந்தச் சாதி எவ்வளவு பெயரெடுத்திருக்கிறது என்பவையும் ஆதிக்கத்தின் கணக்கில் சேரும். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓர் ஊரில் ஒரு சாதிக்கு இரண்டே வீடுகள் இருந்தாலும், சுற்றுவட்டாரம் முழுவதும் அவர்கள் ஆட்களே என்றால், அந்த இரண்டு வீடுகளுக்கும் ஆதிக்கத்தின் நிழல் கிடைக்கும் என்பதையும் அவர் கவனித்திருந்தார்.

ஆகவே குறைந்தது மூன்று அளவுகோல்களைத் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். சடங்கு வரிசையில் உயர்வு என்பது ஒன்று; யாரிடம் யார் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள், கருவறைக்குள் யார் போகலாம் என்பவை அதன் அடையாளங்கள். ஆதிக்கம் என்பது வேறொன்று. யாருடைய நிலத்தில் யார் கூலிக்குப் போகிறார்கள், ஊர்க்கூட்டத்தில் யார் சொல்வது முடிவாகிறது என்பவற்றில் அது தெரியும். அரசின் பட்டியல் மூன்றாவது. இந்த மூன்றும் ஒரே சாதியிடம் ஒரே வரிசையில் அமையும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

தஞ்சாவூர் மாவட்டத்தின் இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது நன்கு விளங்கும். கேத்லீன் காஃப் 1951 முதல் 1953 வரை தஞ்சையில் கள ஆய்வு செய்தபோது, அவர் கும்பாபேட்டை என்று பெயரிட்டு எழுதிய ஊரில் பிராமணர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மையினர். ஆனால் ஊரின் பெரும்பகுதி நிலம் அவர்களுடையது, குற்றம் விசாரித்துத் தண்டிக்கும் உரிமையையும் அவர்களே வைத்திருந்தார்கள். அங்கே சடங்கு உயர்வும் ஆதிக்கமும் ஒரே கையில் இருந்தன. சுமார் பத்து ஆண்டுகள் கழித்து, 1961–62இல், அதே மாவட்டத்தில் ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்ட ஊரின் அக்கிரகாரத்தில் தங்கி ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேய் வேறொரு காட்சியைப் பதிவு செய்தார். பிராமணர்கள் நிலத்தை விற்றுவிட்டு நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. ஊராட்சியின் பிடி பிராமணர் அல்லாதார் கைக்கு மாறியிருந்தது. சடங்கு வரிசையில் பிராமணர்களின் இடம் அசையவில்லை. அதிகாரம் மட்டும் அவர்களை விட்டு நகர்ந்துவிட்டது. சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றும் முன்பு ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாகப் பொருந்தியிருந்தன, இப்போது விலகத் தொடங்கியிருக்கின்றன என்பதே 1965இல் வெளிவந்த அவருடைய நூலின் மைய வாதம். வர்க்கம், சமூக மதிப்பு, கட்சி என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் பிரித்துக் காட்டிய சட்டகத்தை அவர் காவிரிக் கரையில் பொருத்திப் பார்த்தார் என்று சொல்லலாம்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பிரிவு நெடுங்காலமாகவே வெளிப்படையாக இருந்தது. அங்கே எண்ணிக்கையிலும் நிலத்திலும் ஓங்கியவர்கள் வெள்ளாளர்கள். பிராமணர்கள் சிறு தொகையினர்; அவர்கள் பூசை செய்யும் கோயில்கள் பலவற்றின் நிர்வாகம் வெள்ளாளர் கையில் இருந்தது. அதாவது, சடங்கில் மேலே இருப்பவர் வாழ்வாதாரத்திற்கு ஆதிக்கச் சாதியை நம்பியிருந்தார். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைய முயன்றபோது எதிர்த்து நின்றோரின் முன்னணியில் வெள்ளாளர்கள் இருந்தது இந்தப் பின்னணியில்தான்.

இனி அரசின் பட்டியல். நண்பரின் குழப்பம் முழுவதும் இங்கேதான் முளைக்கிறது என்று நினைக்கிறேன். 1951இல் முதல் அரசியல் சட்டத் திருத்தத்தின் வழியாக வந்த 15(4) பிரிவு பேசுவது சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினரைப் பற்றி. பின்தங்கிய நிலையை எப்படி அளப்பது என்பதற்கு 1980இல் அறிக்கை தந்த மண்டல் ஆணையம் 11 குறியீடுகளை வைத்தது. சமூகக் குறியீடுகள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண். கல்விக் குறியீடுகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 2. பொருளாதாரக் குறியீடுகள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 22இல் 11 அல்லது அதற்கு மேல் பெற்றால் பின்தங்கிய வகுப்பு. உடலுழைப்பை நம்பியிருத்தல், இளவயதுத் திருமணம், பள்ளிக்குப் போகாத பிள்ளைகள், இடைநின்றவர்கள் போன்றவை அந்தக் குறியீடுகளில் அடங்கும். இவற்றில் எதுவும், அந்தச் சாதி தன் ஊரில் தனக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கும் சாதியை எப்படி நடத்துகிறது என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. கல்லூரியிலும் அரசு வேலையிலும் யார் இடம்பெறவில்லை என்பதைக் கண்டுபிடிப்பதே அதன் பணி. தமிழ்நாட்டின் பட்டியல்கள் மண்டல் ஆணையத்தின் வழியே வந்தவை அல்ல. அவற்றுக்கு வேறு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் நோக்கத்தைப் பொறுத்தவரை இதே குணம் அவற்றுக்கும் இருக்கிறது. மாநில அளவில் படித்தவர்களின் பங்கை அளப்பது ஒரு வேலை. தெரு அளவில் அதிகாரத்தை அளப்பது இன்னொரு வேலை. ஒரே உடம்பின் உயரத்தையும் எடையையும் போல, ஒன்றை வைத்து மற்றொன்றைப் பொய்யாக்க முடியாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை மறைக்கக் கூடாது. அரசியல் வலிமை பெற்ற சாதிகள் தங்களைப் பட்டியலில் சேர்க்கும்படி கேட்கும்போது நீதிமன்றங்கள் ஆதிக்கத்தையும் கணக்கில் எடுத்திருக்கின்றன. ஜாட் சமூகத்தினரை மத்தியப் பட்டியலில் சேர்த்த அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்தது. மராத்தா சமூகத்திற்கு மகாராஷ்டிர அரசு அளித்த தனி ஒதுக்கீட்டையும் 2021இல் ரத்து செய்தது. அவர்கள் செல்வாக்கு மிக்க முன்னேறிய வகுப்பினர் என்பது அந்தத் தீர்ப்பின் காரணங்களில் ஒன்று. ஆகவே இரண்டு அளவுகோல்களுக்கும் தொடர்பே கிடையாது என்று நான் சொல்லவில்லை. தொடர்பு இருக்கிறது, ஆனால் ஒன்று மற்றொன்றைத் தானாகவே தீர்மானித்துவிடுவதில்லை.

இரண்டும் ஒரே இடத்தில் ஒருங்கே நின்றதற்கு மிகக் கூர்மையான தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு மதுரை மாவட்டத்து உசிலம்பட்டி வட்டாரம். அங்கே வாழும் பிரமலைக் கள்ளர் சமூகம் பிரிட்டிஷ் ஆட்சியின் குற்றப் பரம்பரைச் சட்டத்தால் நசுக்கப்பட்டது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். ஒரு சமூகம் முழுவதையும் பிறப்பிலேயே குற்றவாளி என்று எழுதிவைத்த சட்டத்தின் வடு, பின்தங்கிய நிலைக்குப் போதுமான சான்று. அதே வட்டாரத்தில்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகள் இருக்கின்றன. 1996இல் புதிய ஊராட்சிச் சட்டத்தின்கீழ் அவற்றின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, மனுத் தாக்கல் செய்ய யாரும் முன்வர முடியாத நிலையும், வென்றவர் உடனே பதவி விலகும் நிலையும் மாறி மாறி 2006 வரை நீடித்தன. கிட்டத்தட்டப் பத்தாண்டுக் காலம் அரசமைப்புச் சட்டம் கொடுத்த பதவி அங்கே வெறும் தாளாகவே இருந்தது. அரசின் முன்னால் பலியானவர்கள், தங்கள் ஊரில் வேறொரு சமூகத்தின் முன்னால் பலம் படைத்தவர்களாக இருந்தார்கள். இவற்றில் ஒன்று உண்மை என்பதால் மற்றொன்று இல்லை என்று ஆகிவிடாது. அங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் இதில் ஒரே அளவு பங்கேற்றது என்றும் நான் சொல்லவில்லை; அப்படிச் சொல்வது ஆய்வும் ஆகாது, நியாயமும் ஆகாது.

அரசியல் அறிவியல் மாணவர்களுக்கு இந்த ஊராட்சிகள் இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கின்றன. எதிர்ப்பு இருந்தாலும் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பை வேபர் வலிமை என்றார். ஆணையிடுபவருக்கு ஆணையிடும் உரிமை உண்டு என்று கேட்பவர்கள் ஏற்றுக்கொள்ளும்போதுதான் அது நிலைத்த ஆட்சியதிகாரம் ஆகிறது. ஒதுக்கீட்டுச் சட்டம் பதவியைக் கொடுத்தது. வலிமை பழைய இடத்திலேயே இருந்தது. தலைவரின் நாற்காலிக்குரிய உரிமையை ஊரின் ஒரு பகுதி ஏற்க மறுத்தது. அதே மாவட்டத்து மேலவளவில், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டது இந்த மறுப்பின் கோர வடிவம். ஸ்ரீபுரத்தில் வாக்குரிமை அதிகாரத்தை நகர்த்தியது என்றால் மேலவளவில் ஏன் நகர்த்தவில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஸ்ரீபுரத்தில் அதிகாரம் போய்ச் சேர்ந்தது எண்ணிக்கையும் உடல்வலுவும் நிலமும் ஓரளவு ஏற்கெனவே இருந்தவர்களிடம். அதை இழந்தவர்களுக்கு நகரத்தில் வேறு வாழ்க்கை காத்திருந்தது. மேலவளவில் இவற்றில் எதுவும் இல்லை. இது என் விளக்கம். இதை மட்டுமே முழுக் காரணமாகக் கொள்ள வேண்டாம்.

இப்போது கடினமான கேள்விக்கு வருகிறேன்: இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவரின் மகன் ஆதிக்கம் செய்பவரா? இங்கே அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. 1968இல் எஸ். சி. துபே, ஆதிக்கத்தை ஒரு சாதி முழுமைக்கும் உரியதாகச் சொல்வது பொருந்தாது என்று வாதிட்டார். ஒரு சாதிக்குள் செல்வமும் செல்வாக்கும் சில குடும்பங்களிடம் மட்டுமே இருக்கும், அவையும் கோஷ்டிகளாகப் பிரிந்து ஒன்றோடொன்று மோதும், ஆகவே ஆதிக்கம் செய்வது தனி ஆட்களும் கோஷ்டிகளுமே என்பது அவர் தரப்பு. லூயி துய்மோன் வேறொரு பக்கத்திலிருந்து தாக்கினார்: எண்ணிக்கை ஓர் அளவுகோலே அல்ல, நிலத்தின் மீதான மேலுரிமைதான் ஆதிக்கம், ஆட்பலம் அதைப் பின்தொடர்ந்து வருவது என்றார். கும்பாபேட்டைச் சான்று துய்மோனுக்குச் சாதகமானது. ஆனால் நிலம் கைமாறி, வாக்குச்சீட்டு வந்து, ஒப்பந்தப் பணிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் வட்டித் தொழிலும் செல்வத்தின் வழிகளாகிவிட்ட இன்றைய கிராமத்தில் அவருடைய அளவுகோல் தனியாகப் போதாது என்பது என் கருத்து.

துபே சொன்னதில் பெரும் உண்மை இருக்கிறது. ஆதிக்கச் சாதியின் ஏழை விவசாயி அதே சாதிப் பணக்காரரிடம் கடன்பட்டு, அவருக்கே வாக்களித்து, அவர் வீட்டு வாசலில் நின்று பேசுபவராக இருக்கலாம். வர்க்கக் கணக்கில் அவர் கூலித் தொழிலாளிக்கு நெருக்கமானவர். இருந்தாலும் துபேயின் வாதம் ஓர் இடத்தில் வழுக்குகிறது. அந்த ஏழைக்குக் கூலி உயராமல் இருக்கலாம். ஆனால் டீக்கடையில் அவருக்குத் தனிக் குவளை வைக்க மாட்டார்கள், பொதுச் சாலையில் அவர் வீட்டுப் பிணம் தடுத்து நிறுத்தப்படாது, வேறு சாதிக்காரர் ஒருவரோடு தகராறு என்றால் கேட்காமலே நாற்பது பேர் பின்னால் வந்து நிற்பார்கள். இவை அவர் சம்பாதித்தவை அல்ல, வேண்டாம் என்று எளிதில் கழற்றி வைக்கக்கூடியவையும் அல்ல. அம்பேத்கர் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான்: இடைப்படிகளில் நிற்பவருக்கு மேலே இருப்பவர் மீது மனக்குறை உண்டு, கீழே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலும் உண்டு; அந்த ஆறுதலே ஏணியைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆகவே நண்பருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவு. பொருளாதாரத்தில் நீங்கள் ஆதிக்கம் செய்பவர் அல்ல. உங்கள் ஊரில் உங்கள் சாதி ஆதிக்கச் சாதி என்றால் அந்த ஆதிக்கத்தின் பாதுகாப்பு மட்டும் உங்களுக்குத் தானாகவே கிடைக்கிறது. தனிமனிதராக நீங்கள் நல்லவரா கெட்டவரா என்பதைப் பற்றி இந்தக் கருத்து எதுவும் பேசுவதில்லை. விவாதத்தில் உங்களைச் சுட்டியவர் அதைக் குற்றச்சாட்டாகப் பயன்படுத்தியிருந்தால், அவர் கருத்தை அதன் எல்லைக்கு வெளியே இழுத்துவிட்டார்.

எல்லை என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ‘உங்கள் ஊரில்’ என்று மேலே எழுதியதை உதிரிச் சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆதிக்கம் என்பது ஒரு சாதியின் பிறவிக் குணம் அல்ல. ஓர் இடத்தில், ஒரு காலத்தில், இன்னொரு சாதியோடு உள்ள உறவு. ஒரு மாவட்டத்தில் ஊரையே நடத்தும் சாதி, அடுத்த மாவட்டத்தில் நான்கு வீடுகளாக ஒதுங்கி வாழும். மாநிலம் முழுவதற்கும் ஆதிக்கச் சாதிகளின் பட்டியல் ஒன்றைத் தரும்படி மாணவர்கள் கேட்டால் நான் தருவதில்லை. அதற்குரிய அடிப்படைத் தரவும் பழையது: எல்லாச் சாதிகளையும் எண்ணிக் கணக்கு வெளியிட்ட கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1931ஆம் ஆண்டினுடையது. வரவிருக்கும் கணக்கெடுப்பில் சாதியையும் சேர்க்க மத்திய அரசு 2025 ஏப்ரலில் முடிவெடுத்திருக்கிறது. அது எண்ணிக்கை என்ற ஒரு கூற்றைத் தெளிவாக்கும். மற்றக் கூறுகளை எந்தக் கணக்கெடுப்பும் தந்துவிடாது.

அவற்றை நீங்களே உங்கள் ஊரில் பார்க்கலாம். களப்பணிக்கு அனுப்பும் மாணவர்களிடம் நான் கேட்கச் சொல்வதும் இவற்றைத்தான். சிட்டாவிலும் அடங்கலிலும் நஞ்சை யார் பெயரில் இருக்கிறது, அதில் நாற்று நடுபவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள். கூட்டுறவுச் சங்கத்திலும் பால் சங்கத்திலும் தலைவர்களாக இருந்தவர்கள் யார் யார். ஊராட்சியின் சாலை, குளம் வேலைகளை எடுக்கும் ஒப்பந்தக்காரர் யார். திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது. சுடுகாட்டுக்குப் போகும் பாதை எத்தனை, அவை எந்தெந்தத் தெருக்களிலிருந்து தொடங்குகின்றன. ஒரு தகராறு காவல் நிலையத்திற்குப் போகுமுன் யார் வீட்டுத் திண்ணையில் பேசப்படுகிறது. எல்லாப் பதிலும் ஒரே சாதியைக் காட்டினால் ஸ்ரீநிவாஸ் சொன்ன முழுமையான ஆதிக்கம் உங்கள் ஊரில் இருக்கிறது. பெரும்பாலும் அப்படி வராது. நிலம் ஒருவரிடமும், ஒப்பந்தம் இன்னொருவரிடமும், முதல் மரியாதை மூன்றாமவரிடமும் இருக்கும். இந்தக் கேள்விகளை உங்கள் தெருவில் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சுடுகாட்டுப் பாதையைப் பற்றிய பதில், கேட்கும் தெருவைப் பொறுத்து மாறும்.